ஐந்து புள்ளி ஏழு

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைச் சரியாகப் படிப்பதில்லை. செயலியின் பெட்டியில் இரண்டு வேகங்கள் போட்டிருப்பார்கள். ஒன்று சாதாரண வேகம், இன்னொன்று டர்போ வேகம். என்னுடையதில் மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ் என்றும் ஐந்து புள்ளி ஒன்று என்றும் இருந்தது. கடைக்காரர் பெரிய எண்ணைச் சொல்லி விற்பார். வாங்குகிறவரும் அந்த எண் எந்நேரமும் கிடைக்கும் என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். உண்மையில் டர்போ ஒரு சலுகைதான். வேலை கொஞ்சமாக இருந்து, சூடும் குறைவாக இருந்தால் சில விநாடிகள் கிடைக்கும். சூடு ஏறியதும் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த பொருள்.

இதிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. நேற்று நீங்கள் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் என்ன நம்பருங்க, லாட்டரியா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய போலீஸ் அதிகாரி சிரித்தார். எனக்கு வருத்தமில்லை. அதில் எண்கள் மூன்று பத்திகளாக இருக்கின்றன. முதல் பத்தி செயலியின் வேகம். இரண்டாவது அறையின் வெப்பநிலை. மூன்றாவதைப் பற்றி அதன் இடத்தில் சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பதினாறு வருடங்களாகச் சுரங்கத்தில் மீத்தேன் மானிகளைச் சோதித்துச் சான்று எழுதுகிறேன். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு மீத்தேன் வந்தால் மானி அலற வேண்டும். ஆனால் வாயு வெடிப்பது நூற்றுக்கு ஐந்தில். நடுவில் இருக்கும் நான்கு பங்கும் பயத்துக்காக விட்ட இடம். விட்டது சரிதான், நான் குறை சொல்லவில்லை. இருந்தாலும் பதினாறு வருடம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும். எழுதி வைத்திருக்கிற எல்லை எதுவும் உண்மையான எல்லை இல்லை. யாரோ ஒருவர் பயந்து, கொஞ்சம் முன்னாலேயே போட்ட கோடு அது.

செயலியிலும் அப்படித்தான். ஒரே பெட்டி, ஒரே விலை, ஒரே எண். உள்ளே இருக்கும் சில்லு மட்டும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று ஐந்து புள்ளி இரண்டில் தடுமாறும், இன்னொன்று ஐந்து புள்ளி ஐந்திலும் அசையாது. எதில் எவ்வளவு தாங்கும் இருப்பு என்பது தொழிற்சாலைக்கே தெரியாது. வேகத்தை ஒரு படி ஏற்ற வேண்டும், மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அரை மணி நேரம் முழு பாரத்தில் ஓடவிட வேண்டும். தாங்கினால் அடுத்த படி. திரை உறைந்தால் ஒரு படி கீழே. ஓவர்கிளாக் என்பது இவ்வளவுதான். இதில் முரட்டுத்தனம் கிடையாது. நிதானம் உள்ளவர்களுக்கான பொழுதுபோக்கு.

யார் எவ்வளவு வேகம் எட்டினார்கள் என்று இணையத்தில் எங்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. திரவ நைட்ரஜன் ஊற்றுகிறவர்கள் தனி; அதை நாங்கள் சர்க்கஸ் என்போம். எங்களுடையது தண்ணீரால் குளிர்விக்கிறவர்களுக்கானது. வீட்டில் இருக்கும் அறை, வீட்டில் இருக்கும் காற்று, அவ்வளவுதான் அனுமதி. எங்கள் வகைச் செயலியில், நம் கரகண்டாவுக்கு வடக்கே எல்லைக்கு அப்பால் இருக்கும் ஓம்ஸ்க் நகரத்து க்ளெப் என்பவன் ஐந்து புள்ளி ஆறில் முதலிடத்தில் இருந்தான். நான் ஐந்து புள்ளி நான்கு. டிசம்பரில் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான்: "என்ன தமீர், கரகண்டாவுல குளிர் தீந்துபோச்சா? எங்க ஊர்ல இருந்து ரெண்டு மூட்டை பார்சல் பண்ணட்டுமா?"

அதை நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. வெளியே மைனஸ் முப்பது. உள்ளே இருபத்துநான்கு டிகிரியில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீடுகள் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஒரே கொதிகலனிலிருந்து சுடுதண்ணீர் குழாயில் வருகிறது; அறையின் சூடு நம் கையில் இல்லை. ஜன்னலைத் திறந்தால் அதன் அடியிலேயே இருக்கும் ரேடியேட்டர் உள்ளே வரும் காற்றையெல்லாம் சுட வைக்கிறது. காற்று திசை மாறினால் வெப்பநிலை ஏழு டிகிரி ஆடுகிறது. அப்படி ஆடுகிற அறையில் எதையும் சோதிக்க முடியாது.

ஆகவே ரேடியேட்டர் குழாயின் அடைப்புத் திருகை மூடினேன்.

எங்கள் வீடு இரண்டு மாடிக் கட்டடம், போர் முடிந்த வருடங்களில் கட்டியது. சூட்டுக் குழாய் நிலவறையிலிருந்து கீழ்வீட்டு அறை வழியாக என் அறைக்கு ஏறி, திரும்பி இறங்குகிறது. மாற்றுவழி வைக்காத பழைய அமைப்பு. மேலே மூடினால் தண்ணீர் நடுவில் நின்றுவிடும். அதாவது என் திருகைத் திருகினால் இரண்டு வீடுகள் ஆறும். எனக்கு அது தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தெரியும்.

கீழ்வீட்டில் எவால்ட் கார்லோவிச் இருந்தார். எழுபத்துநான்கு வயது. இந்த ஊர் ஜெர்மன்காரர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை நாற்பது வருடம் இயக்கியவர். அந்த வேலையில் ஒரு தவறு நடந்தால் இருபது பேர். அவர் கையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. விதிப்புத்தகத்தில் எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இடது கால் சரியாக நடக்காது. தங்கை பக்கத்து ஊரான ஷக்தின்ஸ்கில் இருக்கிறார். ஓர் அறை, ஒரு சமையலறை. கிறிஸ்துமஸுக்கு வெண்ணெயும் மாவும் பிசறிய துகள் தூவிய கேக் செய்து ஒரு தட்டு எனக்கும் கொண்டுவருவார். நல்ல மனிதர். எங்களுக்குள் எந்தப் பகையும் இல்லை. இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் காரணம் தேடும்போது நீங்கள் பகையைத்தான் முதலில் தேடுவீர்கள்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை நண்பகலில் மூடினேன். மாலைக்குள் அறை பதின்மூன்றுக்கு வந்தது. ஐந்து புள்ளி ஐந்து, அரை மணி நேரம், ஒரு பிழைகூட இல்லை. பாதியில் கீழே குழாயில் தட்டும் சத்தம் கேட்டது. சூடு போனால் கரண்டியால் குழாயைத் தட்டுவது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதானே. யாரைக் கூப்பிடுகிறோம் என்று தட்டுகிறவருக்கே தெரியாது. மேல்வீட்டுக்காரர் கேட்பார், நிலவறையில் ஆள் இருந்தால் கேட்பார். இருபத்திரண்டு தட்டல்கள். எண்ணுவது என் தொழில் பழக்கம். நோட்டில் மூன்றாவது பத்தி அதுதான்.

ஞாயிறு காலை அவரே மேலே ஏறி வந்தார். காலை இழுத்துக்கொண்டு பதினெட்டுப் படிகள். கையில் ஃபிளாஸ்க்.

"தம்பி, உன் பக்கமும் ஆறிப்போச்சா?"

நான் கோட்டும் தொப்பியுமாகக் கதவைத் திறந்தேன். உள்ளே வந்தவர் மூச்சை வெளியே விட்டுப் பார்த்தார், புகையாக வந்தது.

"அடப்பாவமே. உன் வீடு என் வீட்டைவிட மோசமா இருக்கே. இதுல உக்காந்து என்னத்தப்பா கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டு இருக்க? விரல் ஒட்டிக்காதா?"

"பழகிப்போச்சு, எவால்ட் கார்லோவிச்."

"என்னவாம்? கேட்டியா கொதிகலன்காரங்ககிட்ட?"

"மெயின் லைன்ல வேலை நடக்குதாம். ரெண்டு மூணு நாளாகுமாம்."

"தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாமான்னு பாத்தேன். ரெண்டு நாளுக்காக எதுக்கு அவளுக்குத் தொல்லை."

"ஆமா, சரியாயிடும்," என்றேன்.

அவர் ஃபிளாஸ்க்கை என்னிடமே விட்டுப் போனார். அரை மணி கழித்து மறுபடியும் படியேறி வந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தார், நாய் முடியில் பின்னியது. "போட்டுக்க. சின்ன வயசுல கால ஆற விட்டா என் வயசுல அழுவ," என்றார். அந்தக் காலுறை மிகவும் உதவியது. மீதி எட்டு நாளும் அதைத்தான் போட்டிருந்தேன்.

திங்களன்று எட்டு டிகிரியில் ஐந்து புள்ளி ஆறை முயன்றேன். நான்காவது நிமிடத்தில் திரை உறைந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடி உறைந்தது. சில்லின் எல்லை வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகுதான் விளக்கைக் கவனித்தேன். உறைவதற்கு ஒரு கணம் முன்னால் விளக்கு மங்குகிறது. கீழே அவர் மின்கணப்பு போடுகிறார், அறையைச் சுடவைக்கும் ஹீட்டர். கட்டடத்தின் கம்பிகள் அவர் வயது. அவர் கணப்பு போட்டதும் மின்னழுத்தம் சரிகிறது, என் செயலி தடுமாறுகிறது. சில்லின் மேல் குற்றமே இல்லை.

கீழே இறங்கிப் போனேன். அவர் கணப்பின் முன்னால் கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு, எல்லாப் பிளக்கும் அப்படித்தான் இருக்கும்.

"இது ஆபத்து, எவால்ட் கார்லோவிச். கம்பி பழசு. சுவருக்குள்ள புகைஞ்சா வெளியவே தெரியாது."

"நெசமாவா சொல்ற?"

"நான் பாக்குற வேலையே இதுதானே."

அவர் உடனே எழுந்து பிளக்கைப் பிடுங்கினார். "மேல நீ இருக்க, பக்கத்து வாசல்ல பிள்ளைகுட்டிக்காரங்க இருக்காங்க. என் ஒருத்தன் குளிருக்காக ஊரைக் கொளுத்த முடியுமா?" கணப்பை என்னிடம் கொடுத்தார். "எடுத்துட்டுப் போயிரு. இங்க இருந்தா ஆசை வந்துரும்." மின்னடுப்பு தேநீருக்கு மட்டும், அதுவும் ஒரு வளையம்தான் என்று சொன்னேன். தலையாட்டினார். நாற்பது வருடம் விதிக்குக் கட்டுப்பட்டவர், அதில் ஒரு நாளும் மீறியிருக்க மாட்டார். கதவருகில் நின்று இரண்டு முறை நன்றி சொன்னார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டின் மாற்றுச் சாவியையும் அப்போதுதான் கொடுத்தார்.

விதியில் அறைக்குப் பதினெட்டு டிகிரி என்று இருக்கிறது. அது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண். மனிதனிடம் இருப்பு அதிகம். இந்த ஊரிலேயே நம் முன்னோர்கள் ஆட்டுத்தோல் போர்த்துக் கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். போர்க்காலத்தில் அவருடைய ஆட்களை நாடுகடத்தி வெறும் புல்வெளியில் கொண்டுவந்து இறக்கியபோது மண்ணைத் தோண்டி அதற்குள் வாழ்ந்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவர் ஏழு எட்டு டிகிரியில் சில நாள் இருப்பது பெரிய விஷயமில்லை என்று கணித்தேன். என் குழாயில் ஒரு வெப்பமானி ஒட்டியிருந்தேன், அதை நீங்களே பார்த்தீர்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். மூன்று டிகிரிக்குக் கீழே ஒரு தடவைகூடப் போக விடவில்லை. அந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை குழாய்க்காரர் ரினாத் வந்தார். எவால்ட் கார்லோவிச் தொலைபேசியில் புகார் சொல்லியிருக்கிறார். ரினாத்தின் வண்டி வருவதை ஜன்னலில் பார்த்ததும் திருகைத் திறந்துவிட்டேன். அவர் நிலவறையில் இறங்கிப் பார்த்து, கீழ்வீட்டில் பார்த்து, முக்கால் மணி கழித்துக் கடைசியாக என்னிடம் வந்தபோது குழாய் நன்றாகச் சுட்டது.

"என்னண்ணே, ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு சூடு இல்லைன்னா எப்படி?" என்று சிரித்தார்.

"புகார் என்னுது இல்ல."

"தாத்தா ஏழு தடவ போன் போட்டாராம். இங்க பாருங்க, கை வைக்க முடியல. காத்து அடைச்சிருந்திருக்கும், நான் வர்றேன்னு தெரிஞ்சதும் பயந்து ஓடிருச்சு." காற்றுத் திருகைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்து, மூடினார். கீழே போய்ப் பெரியவரின் முதுகில் தட்டியது எனக்குக் கேட்டது. "தாத்தா, இனி பனியனோட இருக்கலாம், வோட்கா மட்டும் கம்மியாக் குடிங்க." எவால்ட் கார்லோவிச் ஜெர்மன் மொழியில் ஏதோ திட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வேலை முடிந்தது என்று தாளில் கையெழுத்து நான்தான் போட்டேன். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு மூடினேன். அன்று நாற்பத்தோரு தட்டல்கள். ஒன்பது நாளில் அதிகபட்சம் அதுதான்.

முதலில் ரினாத்தின் மேல் வழக்கு எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். குழாயைச் சரியாகப் பார்க்காமல் போய்விட்டார் என்று. நான் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். மனசாட்சி என்று பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். தவறான காரணம் ஒரு கோப்பில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அதன் பிறகு தட்டல்கள் குறைந்தன. புதன் பத்தொன்பது. வியாழன் ஒன்பது. வெள்ளி ஐந்து. நோட்டில் பார்த்தால் அழகாக இறங்கிவரும் வரிசை. புதுச் செயலியை ஏற்றும்போது முதல் சில நாள் பிழைகள் வரும், சின்னச் சின்னதாகச் சரிசெய்யச் செய்யக் குறையும், பிறகு நிலைத்துவிடும். அதை நாங்கள் அடங்குதல் என்போம். கீழேயும் அடங்கிக்கொண்டு வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஐந்து புள்ளி ஆறு தாங்கியது. க்ளெப்புக்குச் சமம். "அடேங்கப்பா, மனுஷன் குளிரக் கண்டுபிடிச்சிட்டான்டா," என்று எழுதினான். சனிக்கிழமை கீழே ஒரு தட்டல்கூட இல்லை.

போய்ப் பார்த்திருக்கலாம் என்று உங்கள் இளைய அதிகாரி சொன்னார். சாவியும் இருந்தது. நியாயமான கேள்வி. ஆனால் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நடுவில் தொடக்கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது நாள். வெளியே மைனஸ் முப்பத்துநான்கு. அறை நான்கு டிகிரி, காற்று அசையவில்லை. அப்படி ஒரு காலை வருடத்துக்கு ஒருமுறைகூட வராது. பத்தே கால் மணிக்கு ஐந்து புள்ளி ஏழில் ஓடவிட்டேன். நூறு மெகாஹெர்ட்ஸ்தான் அதிகம். நீங்கள் பயன்படுத்தினால் வித்தியாசமே தெரியாது, ஒரு பக்கம்கூடச் சீக்கிரம் திறக்காது. பத்தொன்பதாவது நிமிடத்தில் கீழே தட்டல் கேட்டது. மூன்று. முன்பு கேட்டவை மாதிரி இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. மூன்றாவது, தட்டியது மாதிரியே இல்லை, கரண்டி குழாயில் உரசிக்கொண்டு இறங்கியது மாதிரி இருந்தது.

இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. கீழே போக வேண்டுமென்றால் முதலில் திருகைத் திறக்க வேண்டும். ஆறிய வீட்டைச் சுடவைக்க வேறு வழியில்லையே. திறந்தால் அறை ஏறிவிடும், ஓட்டம் கெட்டுவிடும். உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. பிழை பூஜ்யம். படம் எடுத்துச் சேமித்துப் பட்டியலுக்கு அனுப்பினேன். அதன் பிறகு திருகைத் திறந்தேன்.

உடனே இறங்கவில்லை. குழாய் நன்றாகச் சூடாக நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை காத்திருந்தேன். யாராவது வந்து தொட்டுப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய கணப்பையும் எடுத்துக்கொண்டேன். சாவியால் கதவைத் திறந்தேன். நாற்காலியைக் குழாயோடு ஒட்டிப் போட்டு, கோட்டின் மேல் கோட்டு போட்டு, முதுகைக் குழாயில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். குழாய் சுட்டது. அவர் சில்லென்று இருந்தார். கணப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த மருத்துவர் குழாயைத் தொட்டுப் பார்த்தார், கணப்பைப் பார்த்தார், இதயம் என்று எழுதினார். குளிர்தான் என்பது பின்னால் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, அதற்காக அந்த மருத்துவரையும் குற்றம் சொல்லாதீர்கள். அந்த அறையில் இருந்ததைப் பார்த்து யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

ஆக, திருகை மூடியது நான். கணப்பைப் பிடுங்கிக்கொண்டது நான். தங்கை வீட்டுக்குப் போக இருந்தவரை நிறுத்தியது நான். ஐம்பது நிமிடத்துக்கு மேல் மேலே உட்கார்ந்திருந்ததும் நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கோப்பில் தவறாக இருக்கிறது. நேற்று நான் சொன்னதை வைத்து, கொல்லும் எண்ணத்தோடு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு எண்ணம் எனக்கு ஒரு கணமும் இருந்ததில்லை. நான் படிப்படியாகத்தான் போனேன், ஒவ்வொரு படியிலும் நின்று கவனித்தேன், எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். சில்லு என்றால், தாங்க முடியாத இடம் வந்ததும் அது நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். மனிதர் விஷயத்தில் அந்த வசதி இல்லை. அவரால் முடியவில்லை என்று தெரிந்திருந்தால் அந்தக் கணமே திறந்திருப்பேன். அவர் ஒரு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.